ஐஸில் வைத்த கண்

எனக்கு எதையும் ஒரு தரம் சொன்னால் போதும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பெயர். அந்தப் பெயரை வேறு யாரும் எனக்கு வாங்கித் தரவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "கங்காதரனிடம் ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை" என்று டாக்டரும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காதில் சரியாக விழாததற்குக்கூட விழுந்த மாதிரி தலையாட்டிப் பழகிவிட்டேன். பன்னிரண்டு வருஷக் கம்பவுண்டர் வேலையில் அந்தப் பழக்கம் ஒருநாளும் காலை வாரவில்லை. 1949 மே மாதம் வாரியது. ஆனால் விழுந்தது நான் இல்லை.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்தில் எட்டுக் கட்டில் போட்ட கண் ஆஸ்பத்திரி. டாக்டர் மாணிக்கவாசகம் சீமைக்குப் போய்ப் படித்தவர். கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கிறதே, அதை இறந்தவர் கண்ணிலிருந்து வட்டமாக வெட்டி எடுத்து, பூ விழுந்த கண்ணில் ஒட்ட வைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வித்தை கையில் இருந்தது, கண்தான் கிடைக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய் "உங்கள் அப்பாவின் கண்ணைக் கொடுங்கள்" என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்? செருப்புதான் கிடைக்கும். டாக்டர் இரண்டு வீட்டில் கேட்டார். ஒரு வீட்டில் செருப்பே கிடைக்க இருந்தது, நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் கண்ணுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருத்தி நஸ்ருன்னிசா. திருவல்லிக்கேணியில் ஜாம்பஜாருக்குப் பின்னால் வீடு. வலது கண்ணைச் சின்ன வயதிலேயே பெரியம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புண் வந்து, அது ஆறும்போது பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பூ விழுந்த மறுமாதம் அவள் புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டான், போனவன் போனவன்தான். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"கண்ணு வந்தா இன்னாம்மா பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டேன். உருக்கமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"குடத்தை எடுத்துக்கினு தனியா குழாயடிக்குப் போவேன் சார். தினம் ஒருத்தி கையைப் புடிச்சிக்கினு போயி, அவ மாமியா கதையெல்லாம் கேட்டுக்கினு வர்றது முடியல."

அவளுடைய அண்ணன் மெஹபூப் பாஷாதான் எங்களுக்கு ஐஸ் போடுகிறவர். கைவண்டியில் பாளம் பாளமாக ஐஸை அடுக்கி, மரத்தூள் தூவி, கோணி போட்டு மூடிக் கொண்டுவருவார். சோடாக் கடை, கல்யாண வீடு, நொச்சிக்குப்பத்து மீன் வியாபாரிகள், கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரி. எந்த வெயிலுக்கு எந்தப் பாளம் எத்தனை மணி தாங்கும், கல்யாணத்தில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி எத்தனை படி உப்புப் போட்டால் பால் இறுகும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். மனிதர் சத்தமாகப் பேசுவார். தங்கை பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "நம்ம பாரு வரும்போது சொல்லுங்க சார்" என்பார். பாரு என்றால் உருதுவில் முறை, வரிசை. ஒன்றரை வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

முறை மே மாதத்தில் வந்தது. தி.நகரில் சண்முகசுந்தரம் என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் கண்களை எடுத்துக்கொள்ளும்படி டாக்டருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு இறந்துபோனார். பிள்ளைகளும் தடுக்கவில்லை. காலை பதினோரு மணிக்கு டாக்டர் போய் எடுத்தார். ஒரு கண் ஏற்கெனவே கெட்டிருந்தது, மற்றது தேறியது. அதை உப்பு நீரில் நனைத்த பஞ்சுப் படுக்கையில் வைத்து, சின்னக் கண்ணாடி பாட்டிலில் மூடி, என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்திருக்கலாம். ஆனால் ஏதோ அடிதடிக் கேஸில் டாக்டர் சாட்சி. பிற்பகல் செங்கல்பட்டுக் கோர்ட்டில் நிற்காவிட்டால் வாரண்டு வரும் என்று எழுதியிருந்தார்கள். ஜட்காவில் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் கேஸ் காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தார். "நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். அந்தப் பொண்ணை இன்னைக்கே சேர்த்துடு. பாட்டிலை ஐஸ் பெட்டியில வை" என்பதோடு சரி. ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தவர் போல ஜன்னலில் தலையை நீட்டினார்.

"கங்காதரா, முக்கியம்! கெட்டியாப் போயிடக் கூடாது!"

இன்றைக்கு எழுதும்போது அதை முழுசாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது 'கெட்' என்பதும், 'போயிடக் கூடாது' என்பதும்தான். நடுவில் இருந்ததை எஞ்சினின் ஊதல் விழுங்கிவிட்டது. 'கெட்டியா' என்ற மாதிரியும் இருந்தது. ஆனால் கண் எப்படிக் கெட்டியாகும்? அது என்ன அல்வாவா? இறந்தவர் கண், கெட்டுப் போகும். அதைத்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். வண்டி அப்போதுதான் நகர்ந்தது. ஜன்னலோடு பத்தடி ஓடியிருந்தால் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். பிளாட்பாரத்தில் நாலு பேர் பார்க்க, கையில் பாட்டிலோடு, "என்ன சார் சொன்னீங்க?" என்று கத்திக்கொண்டு ஓடுவதா? கங்காதரனா? தலையை ஆட்டினேன். டாக்டரும் திருப்தியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மெஹபூப் பாஷா வாசலிலேயே நின்றிருந்தார். தங்கையை ரிக்‌ஷாவில் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, அன்றைக்கு மற்ற வாடிக்கையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு வண்டி ஐஸோடு காத்திருந்தார். பாட்டிலை அவர் கையால் தொடவில்லை. குனிந்து பார்த்தார். "யா அல்லா" என்றார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு சார்?"

"கெட்டுப் போயிடக் கூடாதுன்னாரு."

"அவ்ளோதானே? நான் கெட வுட்டுருவனா? நாலு நாளு மீனையே கெடாம வெச்சிக் குடுக்கறேன். இது நம்ம நஸ்ரு கண்ணு."

உடனே தெருக்கோடி மளிகைக் கடைக்குப் போய் ஒரு மூட்டைக் கல்லுப்பைத் தோளில் தூக்கி வந்தார். தகரம் அடித்த ஐஸ் பெட்டியில், உடைத்த ஐஸ் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, நடுவில் பாட்டில், மேலே மறுபடி ஐஸ், உப்பு. பிள்ளையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தது மட்டுமா, "சபாஷ் பாய்" என்றும் சொன்னேன். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் பல மடங்கு ஏறும் என்பது எனக்கும் தெரியும். ஏறினால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கட்டிலிலிருந்து நஸ்ருன்னிசா கேட்டாள். "யாரோட கண்ணு சார்?"

"தி.நகர்ல ஒரு பெரியவர். சுத்த சைவம்."

"அய்யய்யோ! எங்க வூட்டு அடுப்பைப் பாத்தா அதுவா மூடிக்குமே!"

அவள் சிரித்தாள், நர்ஸ் ஜெசிந்தா சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் அண்ணன் மட்டும் சிரிக்காமல் ஐஸ் பெட்டியின் மூடியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாட்டிலை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. உள்ளே பஞ்சு கல்லாக இருந்தது. கண் வெந்த மீனின் கண் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபிப்பார் என்று பார்த்தேன், கோபிக்கவில்லை. முகம் மட்டும் விழுந்துவிட்டது.

"உப்புப் போட்டது யாரு?"

"நான்தான் சார்" என்றார் மெஹபூப் பாஷா, ஒரு அடி முன்னால் வந்து. பாராட்டுக் கிடைக்கப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். சில்லென்று வைத்தால் கண்ணின் உயிர் தூங்கிக்கொண்டிருக்கும், உறைந்தால் செத்துப்போகும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக ஐஸ் கட்டி எல்லாவற்றையும் கிழித்துவிடும். உறைந்துபோன கண்ணைப் பிழைக்க வைக்கிற வழி இன்னும் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கெட்டியாப் போயிடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

அந்த வார்த்தை அப்போதுதான் முழுசாக என் காதில் விழுந்தது.

"சொன்னீங்க சார்."

"நீ இவர்கிட்ட சொன்னியா?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன் என்று பல நாள் என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மெஹபூப் பாஷா முந்திக்கொண்டார்.

"சொல்லியிருப்பாரு சார். அவரு படிச்சவரு, தப்பா சொல்வாரா? எனக்குத்தான் காதுல சரியா வுழல. கெட்டியாவக் கூடாதுன்னு தெரிஞ்சா நான் உப்பைத் தொடுவனா? பாலைக் கெட்டியாக்கறதுக்குத்தானே சார் உப்பே போடறது..."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நடந்தது. கெட்டியாகக் கூடாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இந்த மெட்ராஸிலேயே அதை முதலில் புரிந்துகொண்டிருக்கக் கூடியவர் அந்த மனிதர். அவர் தலையில் பழியை ஏற்றிவிட்டு நான் மேஜையைத் துடைக்கப் போனேன்.

நஸ்ருன்னிசா தலை குளித்து, வெள்ளைத் துணி சுற்றி, ஆபரேஷனுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "சைவக் கண்ணுக்கு நம்ம வூடு புடிக்கல. வாண்ணே, போலாம்" என்றாள். அந்த வேடிக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மெஹபூப் பாஷா ஐஸ் வண்டியை விற்றுவிட்டார். விறகுக் கடையில் பார வண்டி இழுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் என்ன செய்தேன்? காரணம் தேடினேன். எஞ்சின் ஊதியது என் குற்றமா? ஓடுகிற ரயிலிலிருந்து யாராவது மருத்துவம் சொல்வார்களா? உப்பு நானா போட்டேன்? ஆயிரம் காரணம் கிடைத்தது, ஒன்றும் சாப்பாட்டை உள்ளே இறக்கவில்லை. சொன்னால் வேலை போகும், அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், ஒரு தரம் சொன்னால் போதும் என்கிற கங்காதரன் போய்விடுவானே என்பது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் டாக்டர் ஒரு சீமைப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உற்சாகமாக என்னைக் கூப்பிட்டார். சேவலின் விந்துவைக் கிளிசரின் கலந்து உறைய வைத்தார்களாம். இளக்கியபோது உயிரோடு நெளிந்ததாம். "கிளிசரின் கங்காதரா! நம்ம அலமாரியில இருக்கே, அதே கிளிசரின்! இன்னைக்குச் சேவல். என்னைக்காவது ஒருநாள் கண்ணையும் இப்படி வைக்கலாம். அப்போ உன் ஐஸ்கார பாய் தாராளமா உப்புப் போடட்டும்" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் என்ற பெண் மாரடைப்பில் இறந்துபோனாள். ஜெசிந்தாவுக்குச் சித்தி முறை. ஜெசிந்தாவே வீட்டாரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள். டாக்டர் இந்தத் தடவை எங்கும் போகவில்லை. "மூணு மணிக்கு ஆபரேஷன். போய் நஸ்ருன்னிசாவைக் கூட்டிட்டு வா. அவ வரலேன்னா அடுத்த ஆளுக்குச் சொல்லணும், சீக்கிரம்" என்று ஜட்காவில் என்னை அனுப்பினார்.

நான் போனபோது மணி பன்னிரண்டரை. வாசலில் கோணித் திரை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். உள்ளே முறத்தில் அரிசி தடவிக் கல் பொறுக்கும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம் சார். வேற யாருக்காச்சும் வையுங்க" என்றாள்.

"பைத்தியமாம்மா நீ? ரெண்டு வருஷமா காத்துக்கினு இருந்தியே!"

"அண்ணன் ஏழு மாசமா ஐஸ் தொடல சார். கல்யாண வூட்டுல சர்பத்துல ஐஸ் போட்டுக் குடுத்தா டம்ளரைக் கீழ வெச்சிட்டு எழுந்து வந்துடுது. இப்பதான் கொஞ்சம் சோறு துன்னுது. நான் மறுபடி அங்க வந்து படுத்தா அதுக்கு எல்லாம் திரும்பி வந்துடும். எனக்குக் கண்ணு இல்லன்னா பரவால்ல. அது வேணும்."

முறத்துச் சத்தம் நிற்கவில்லை. ஜட்காக்காரன் தெருமுனையில் குதிரையை அதட்டிக்கொண்டிருந்தான். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"பாய் மேல தப்பு இல்லம்மா. டாக்டர் சொன்னது கெட்டியாப் போயிடக் கூடாதுன்னு. நான் பாய்கிட்ட சொன்னது கெட்டுப் போயிடக் கூடாதுன்னு. எனக்குச் சரியா கேக்கல. திருப்பிக் கேக்காம வந்துட்டேன்."

சத்தம் நின்றது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

இன்னொரு வாட்டி சொன்னேன். இந்தத் தடவை, மறுநாள் டாக்டர் முன்னால் தெரிந்தும் பேசாமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். எனக்குப் பின்னால் ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினேன். மெஹபூப் பாஷா நின்றிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். தோளெல்லாம் விறகுத் தூள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. பாதி ஆளாக இளைத்திருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"சார், அன்னிக்கு எனக்குக் காது சரியாத்தான் கேட்டுச்சா?"

"சரியாத்தான் கேட்டுது பாய். நான் சொன்னதுதான் தப்பு."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏழு மாசமா என் காதை நான் நம்பல சார். எவனாச்சும் ஒண்ணு சொன்னா ரெண்டு வாட்டி, மூணு வாட்டி கேப்பேன். லூசுப் பாய்ன்னு பேரே வெச்சிட்டாங்க. மசூதியில பாங்கு சொன்னாக்கூட, நெசமாவே சொல்றாங்களா, எனக்கா கேக்குதான்னு பக்கத்துல இருக்கறவனைப் பாப்பேன்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நான் அழுததற்கு அந்த இடத்தில் ஒரு மதிப்பும் இல்லை.

திரை விலகியது. நஸ்ருன்னிசா புர்கா போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மணி இன்னா?"

"ஒண்ணு ஆவப் போவுது."

"எழுந்திருண்ணே. வண்டி நிக்குது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் ஜட்காக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆபரேஷன் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிந்தது. பிறகு பதினாறு நாள் கட்டு. கட்டு மாற்றும்போதெல்லாம் அவள் என்னிடம் மட்டும் பேசமாட்டாள். நான் நீட்டுகிற மருந்தை வாங்கிக்கொள்வாள். மெஹபூப் பாஷாவும் டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. நானும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டு வந்தேன். பட்டும் புத்தி வராதவன் என்று யாராவது திட்டினால் ஒப்புக்கொள்வேன்.

பதினாறாம் நாள் காலை ஜன்னலுக்குப் பாதி திரை போட்டுவிட்டு டாக்டர் கட்டைப் பிரித்தார். அவள் இமையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கண்ணில் நீர் கொட்டியது. டாக்டர் விரல்களைக் காட்டினார்.

"ரெண்டு" என்றாள்.

"இப்போ?"

"நாலு. மூடாதீங்க, நாலு."

கட்டிலின் கால்மாட்டில் மெஹபூப் பாஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டாக்டர் சிரித்தபடி நகர்ந்துகொண்டார். "இந்த ரூம்ல யார் யார் இருக்காங்கன்னு சொல்லு பார்ப்போம். யாரும் பேசக் கூடாது."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "அதோ அண்ணன். எளச்சிக் கீது. வெள்ளைச் சேலை ஜெசிந்தாக்கா. நீங்க டாக்டரு." பிறகு மருந்துத் தட்டோடு சுவர் ஓரமாக நின்ற என் பக்கம் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். "அது கம்பவுண்டரு."

"பேசவே இல்லையே, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அவரு மட்டும் தரையைப் பாக்கறாரு."

டாக்டர் கைதட்டிச் சிரித்தார். பார்வை இவ்வளவு துல்லியமாக வரும் என்று தாமே எதிர்பார்க்கவில்லை என்றார். அன்று மாலை நோயாளிகள் போன பிறகு அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.